பெயர் எவருடைய பொருள்?

நிலம் ஒருவருக்குச் சொந்தமாகலாம். வீடும் மாடும், ஏரும் தறியும், பெட்டியில் உள்ள பணமும் சொந்தமாகலாம். பெயர் ஒருவருக்குச் சொந்தமாகுமா? முற்காலத்தில் இவ்வினா தருக்க நூலாருக்கும் துறவிகளுக்கும் உரியதாக இருந்தது. இந்நாளிலோ இது நீதிமன்றங்களில் வழக்காடப்படுவதாகவும், சந்தையில் விலைபேசப்படுவதாகவும் ஆகிவிட்டது. ‘டொமைன்’ என்று உலகோர் வழங்கும் இணையப் பெயர்களே இதற்குக் காரணம். குரல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு ‘டாட் காம்’ என்னும் வாலைச் சேர்த்த ஒரே ஒரு பெயர், 2019-ஆம் ஆண்டில் மூன்று கோடி டாலருக்குக் கைமாறிற்று. மண்ணும் இல்லை, மரமும் இல்லை; வெறும் சொல்! இது தனியுடைமையா, அன்றா?

இது வணிகர் கவலையாயிற்றே, புத்த தன்மத்தைப் பின்பற்றும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். ஆவது உண்டு. பஞ்சசீலத்தில் இரண்டாவது, கொடாததைக் கொள்ளாமை. ஒரு பொருள் எவர் கையில் இருக்கத்தக்கது என்று தெரிந்தாலன்றி, அதனை எடுப்பது களவா அன்றா என்று தெளிதல் அரிது. அன்றியும், நம் சங்கங்களும் விகாரைகளும் இந்நாளில் இத்தகைய பெயர்களைப் பதிவு செய்து வருகின்றன. ஆதலின் இதனை ஆராய்தல் நம் கடமையாகின்றது.

இணையப் பெயர் என்பது யாது?

இணையத்தில் சேர்ந்துள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் உண்டு. பொறிகள் எண்ணால் ஒன்றையொன்று அறியும். மனிதர்க்கோ எண்களை நினைவில் வைத்தல் இயலாது. ஆகவே எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வைத்தனர். தொடக்கத்தில், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தார் ஒரே பட்டியலில் இப்பெயர்களை எழுதிவைத்தனர். வேண்டுவோர் சொல்லிப் பதிந்துகொண்டனர். பொறிகள் பெருகவே, 1983-இல் பால் மாக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், பட்டியலைப் பல இடங்களில் பகிர்ந்து வைக்கும் முறையை வகுத்தார். இன்று அம்முறையின் தலைவாயிலை 1998-இல் தோன்றிய ‘ஐகான்’ என்னும் நிறுவனம் மேற்பார்க்கின்றது. ‘.இன்’ என்று முடியும் நம் நாட்டுப் பெயர்களை ‘நிக்சி’ எனப்படும் தேசிய இணைய மாற்றகம் கவனிக்கின்றது. தமிழெழுத்திலேயே ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் பெயர்களும் இந்நாளில் உள.

இதில் இரண்டு செய்திகளை அன்பர்கள் ஊன்றிக் காணவேண்டும். ஒன்று: இப்பெயரை எவரும் நிரந்தரமாக வாங்கமுடியாது. ஆண்டுக் கட்டணம் செலுத்தி வைத்திருக்கலாம். ஒரே தவணையில் பத்து ஆண்டு வரையிலும் செலுத்தலாம். அதற்கு மேல் இல்லை. கட்டணம் தவறினால், சிறிது காலம் பொறுத்தபின் பெயர் பொதுவுக்குத் திரும்பும். பிறர் எவரும் பதிந்துகொள்ளலாம். கிரயப் பத்திரம் என்பதே இங்கில்லை. குத்தகைச் சீட்டு மட்டுமே உண்டு. இரண்டு: உலகிலுள்ள பொறிகள் யாவும் ஒரே தலைப்பட்டியலைக் கேட்டு நடப்பதென ஒப்புக்கொண்டதனால்தான் பெயர் பயன் தருகின்றது. அவ்வொப்புதல் இல்லையேல், கோடி கொடுத்து வாங்கிய பெயரும் வெற்றெழுத்தே.

மிலிந்த மன்னரிடம் நாகசேனர் உரைத்த தேர் உவமையை நம் அன்பர்கள் அறிவார்கள். சக்கரமும் அச்சும் நுகமும் கூடிய இடத்தில், உலகோர் உடன்பாட்டினால் ‘தேர்’ என்று ஒரு பெயர் வழங்குகின்றது. அப்பெயருக்குப் பின்னே வேறொரு பொருள் ஒளிந்திருக்கவில்லை. பெயர் என்பது பலர் கூடிச் செய்த சம்மதம். பலருடைய சம்மதத்தால் நிற்பதை ஒருவர் ‘என்னுடையது’ என்னும்போது, அச்சொல்லை நாம் சற்று நிறுத்தி விசாரிக்கவேண்டும்.

நீதிமன்றங்கள் கூறியவை

இவ்வினா நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது நம் கன்னட நாட்டின் வழியாகத்தான். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே என்னும் நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சுருக்கி ‘சிஃபி’ என்றொரு புதுச்சொல்லை ஆக்கி, 1999-இல் ‘சிஃபிநெட்.காம்’ முதலிய பெயர்களைப் பதிந்தது. 2001-இல் வேறொரு நிறுவனம் நடுவில் ஓரெழுத்தை மட்டும் கூட்டி, காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும் பெயரைப் பதிந்தது. முந்தியவர் பெங்களூர் நகர சிவில் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை நீக்கிற்று. தம் பங்காளிகள் ஐவரின் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துக் கோத்ததே அப்பெயர் என்று பிந்தியவர் வாதித்தனர். 2004-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தை ஏற்காது, தடையாணையை மீண்டும் நிலைநிறுத்திற்று. இணையப் பெயர்க்கெனத் தனிச் சட்டம் நாட்டில் இல்லையெனினும், அது வெறும் முகவரியாக நில்லாமல் வணிகரை அடையாளங்காட்டும் குறியாக வளர்ந்துவிட்டதென்றும், வணிகக் குறிக்குரிய நியாயம் அதற்கும் பொருந்துமென்றும் தீர்ப்பு கூறிற்று.

இங்கு நீதிமன்றம் காத்தது எதனை? எழுத்துகளையா? அன்று. அப்பெயரைக் கேட்டு நம்பி வருவோர் ஏமாறாதிருத்தலையும், அந்நம்பிக்கையை ஈட்டியவர் அதனை இழவாதிருத்தலையும் காத்தது.

அமெரிக்க நாட்டிலும் இரு நீதிமன்றங்கள் இரு விடை கூறின. 2000-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநில உயர்மன்றத்தின்முன், கடன்பட்டவரின் இணையப் பெயர்களைக் கடனுக்காகப் பற்றலாமா என்ற வழக்கு வந்தது. அவை உடைமையாகப் பற்றத்தக்கன அல்ல, சேவைக்குரிய ஒப்பந்தத்தின் விளைவே என்று அம்மன்றம் கூறிற்று. மற்றொரு வழக்கில், கேரி கிரெமென் என்பவர் 1994-இல் பதிந்த ஒரு பெயரை, வேறொருவர் பொய்க்கடிதம் காட்டித் தமக்கு மாற்றிக்கொண்டு பல ஆண்டுகள் பெரும்பொருள் ஈட்டினார். அப்பெயர் சிற்றின்பத்தைக் குறிப்பதாகலின் இங்கு எழுதோம். 2003-இல் மேல்முறையீட்டு மன்றம் அப்பெயர் உடைமையே என்றும், விசாரியாமல் அதனை மாற்றிக்கொடுத்த பதிவு நிறுவனம் பொறுப்பேற்க நேரும் என்றும் தீர்த்தது.

ஒன்று உடைமை அன்று என்கின்றது. மற்றொன்று உடைமை என்கின்றது. எனினும் ஊன்றி நோக்குவார்க்கு இவை முற்றிலும் முரண்படவில்லை. முன்னது, பெயர் எதனால் ஆயது என்று பார்த்தது. பின்னது, பெயரைப் பறித்தவன் தப்பலாமா என்று பார்த்தது. தன்மத்தின் வினா இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்கும்.

மூன்று நியாயங்கள்

‘இது என்னுடையது’ என்போர் பொதுவாக மூன்று நியாயங்கள் கூறுவர். முந்தி வந்தேன் என்பது ஒன்று. விலை கொடுத்தேன் என்பது இரண்டு. உழைத்தேன் என்பது மூன்று. ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முந்தி வந்தேன் என்பது. நாம் வாழும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவு இது. வைணவ அன்பர்கள் இதனை ஆதிரங்கம் என்றும், சிவசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், சோழநாட்டு ஸ்ரீரங்கத்தை அந்தியரங்கம் என்றும் வழங்குவர். ஒரே ஆற்றில் மூன்று தீவு, ஒரே பெயர். ஆதிரங்கத்தார் முந்தியவராம் என்பதனால், மற்ற இருவரும் பெயரைக் கைவிடுக என்று கேட்டதுண்டா? மேலும், ஆங்கிலேயர் 1799-இல் இவ்வூரைக் கைப்பற்றியபின், 1819-இல் பம்பாயில் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்குச் ‘செரிங்கபட்டம்’ என்று இவ்வூர்ப் பெயரையே இட்டனர். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் ஒரு பவளத்திட்டும் இன்றளவும் அப்பெயரால் வழங்குகின்றது. எம்மூராரை எவரும் கேட்கவில்லை. எம்மூர் தன் பெயரை இழக்கவும் இல்லை. வாய்ச்சொல்லில் உள்ளவரை, ஒரு பெயரைப் பலர் வைத்திருந்தாலும் குறைவதில்லை.

இணையத்திலோ அவ்வாறன்று. ஒரு முடிவின்கீழ் ஒரு பெயர் ஒருவருக்கே வாய்க்கும். ஆகவே அது சொல்லின் இயல்பை விட்டு ஆற்றுநீரின் இயல்பை அடைகின்றது. மேலே இருப்பவர் அடைத்தால் கீழே இருப்பவருக்கு இல்லை. காவிரி நீர்பற்றி மைசூர் அரசும் சென்னை அரசும் 1892-லும் 1924-லும் உடன்படிக்கை செய்தும் வழக்கு ஓயாததை நாம் அனைவரும் அறிவோம். எம்மூருக்கு மேற்கே சில மைல் தொலைவில் கண்ணம்பாடி அணை நிற்கின்றது. நதி முதலில் இங்கு வருகின்றது என்பதனால் நீர் இங்குள்ளார்க்கே உடைமை ஆயிற்றா? 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றின் நீர் தேசத்தின் செல்வம், எந்த ஒரு மாநிலமும் அதற்கு உடைமை கொண்டாட இயலாது என்று தீர்ப்பளித்தது. முந்தி இருப்பவர்க்குப் பயன்கொள்ளும் முறை உண்டு, பொறுப்பு அதனினும் உண்டு, உடைமை இல்லை. பெயரை முந்திப் பதிந்தவர்க்கும் இதுவே நியாயம்.

விலை கொடுத்தேன் என்பது. சாவத்தி நகரத்து அநாதபிண்டிகர், ஜேத குமாரரின் சோலையைப் பகவருக்காக விலைக்குக் கேட்டார். கோடி பொன்னைப் பரப்பினாலும் தரேன் என்றார் குமாரர். விலை சொல்லியாயிற்று, விற்றாயிற்று என்று வழக்காடினார் அநாதபிண்டிகர். நடுவர்கள் அவர் பக்கமே தீர்த்தனர். வண்டி வண்டியாகப் பொன் வந்து தரையை மூடிற்று. வாயிலருகே சிறிதிடம் எஞ்சியபோது குமாரர் மனமிளகி, அதனைத் தம் கொடையாக அளித்து வாயில்மாடமும் எடுப்பித்தார். இத்தனை பொன் கொடுத்தும், அவ்விடத்துக்கு வழங்கிய பெயர் யாது? ஜேதவனம், அநாதபிண்டிகரின் ஆராமம் என்று இருவர் பெயரும் சேர்ந்தே நிலைத்தது. மண்ணைப் பொன் வாங்கிற்று, பெயரை வாங்கவில்லை. பெயர், ஈந்தவர் இருவரையும் உலகோர் நினைத்ததனால் நின்றது.

உழைத்தேன் என்பது. இது மூன்றிலும் வலியது. பொருளற்ற ஓரெழுத்துக் கோவையை எடுத்து, பல்லாண்டு நேர்மையாகத் தொண்டோ தொழிலோ செய்து, அதற்கு மதிப்பை உண்டாக்கியவர் உரிமை கேட்டல் முறையே. ஆயினும் அம்மதிப்பு எங்கே இருக்கின்றது? நம்பிக்கை நம்புவோர் உள்ளத்தில் விளைவது. நம்பப்படுவோர் கிடங்கில் விளைவதன்று. உழைத்தவர்க்கு அதில் பெரும்பங்கு உண்டு, முழுப்பங்கு இல்லை.

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது: இணையப் பெயர் தனியுடைமை அன்று, அடைக்கலப் பொருள். இணையத்தின் பெயர் முறையைத் தொடக்கந்தொட்டுப் பேணிவந்த ஜான் போஸ்டல் என்பவரும், 1994-இல் எழுதிய விதிக்குறிப்பில் இக்கருத்தையே வைத்தார். பெயர் முடிவுகளை நிர்வகிப்போர் பொதுமக்களுக்காகக் காக்கும் தருமகர்த்தர் ஆவர். உரிமை, சொந்தம் என்று கவலுதல் பொருந்தாது. பொறுப்பையும் தொண்டையும் குறித்தே கவலுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் பௌத்தர் என்று நாம் கூறவில்லை. ஆனால் பற்றை விட்டுக் கடமையைப் பார் என்னும் வழி, ஒரு கணிப்பொறி அறிஞர்க்கும் தன் தொழிலிலேயே தோன்றிற்று என்பது எண்ணத்தக்கது.

சொந்தமல்லாததும் களவு போகும்

‘உடைமை அன்றெனின், எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகாதோ?’ என்று ஓர் ஆசங்கை எழும். ஆகாது.

நாம் ஆலையில் வேலை செய்த காலத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு; அதில் ஓர் எண் பொறித்திருக்கும். எண் நமதன்று. நமக்குமுன் வேறொருவரிடம் இருந்தது. நாம் விலகியபின் இன்னொருவரிடம் சென்றது. விற்கவோ பிள்ளைக்கு எழுதிவைக்கவோ இயலாது. எனினும் அவ்வெண்ணைக் காட்டி வேறொருவன் நம் கூலியைப் பெற்றுச் சென்றால், அதனைக் களவு என்று சொல்லாதார் ஆலையில் எவருமிலர். எண் ஆலையினுடையது, எண்ணின்வழி வந்த கூலி நம் உழைப்பினது. அடைக்கலமாக ஒருவர் கையில் இருப்பதை வஞ்சித்துக் கொள்வதும், கொடாததைக் கொள்வதே.

விநயமும் இவ்வாறே கூறும். ஆராமமும் அதன் நிலமும், விகாரையும் அதன் நிலமும், கட்டிலும் இருக்கையும் முதலாய சங்கப் பொருள்கள் எந்தப் பிக்குவுக்கும் தனியுடைமை அல்ல. அவற்றைச் சங்கத்தார் தாமே கூடியும் விட்டுக்கொடுக்கவோ கூறுபோடவோ ஆகாது. ஒருவருடையதும் அன்று என்பதனால் காவலற்றது என்று பொருளில்லை. மிகுந்த காவலுடையது என்பதே பொருள்.

பிறர் பெயரை ஒத்த பெயரைப் பதிந்து மக்களை மயக்குவோர், இரண்டாஞ் சீலத்தோடு நான்காஞ் சீலத்தையும் கெடுக்கின்றனர். அது பொய்யும் ஆகலின். ஒரு நிறுவனமோ அறச்சாலையோ தோன்றப்போவதை அறிந்து, அதன் பெயரை முன்னரே பதிந்துவைத்து, ‘இத்தனை இலட்சம் கொடு, விடுகின்றேன்’ என்போரும் உளர். இவர் சட்டத்துக்குத் தப்பினும், நல்வாழ்க்கைத் தொழில் என்னும் அங்கத்துக்குத் தப்பார். ஆற்றில் தண்ணீர் எடுப்பவனும், பிறர் எடாதபடி படித்துறையை அடைத்துக் காசு கேட்பவனும் ஒருவராவரோ?

வலியோர் பிழையையும் கூறாது விடலாகாது. அமெரிக்காவின் வடகரோலினாவில் உசி நிசான் என்பவர், தம் குடும்பப் பெயரால் சிறிய கணிப்பொறிக் கடை நடத்தி, 1994-இல் ‘நிசான்.காம்’ என்று பதிந்தார். அதே பெயருடைய ஜப்பானிய மோட்டார் நிறுவனம் 1999-இல் அவர்மீது வழக்குத் தொடுத்து ஒரு கோடி டாலர் கேட்டது. வழக்கு பல்லாண்டு நடந்தது. அவர் பெருஞ்செலவு செய்தும் பெயரை விடவில்லை. 2020-இல் அவர் மறையும்வரை அது அவரிடமே இருந்தது. பெரியவன் கேட்கின்றான் என்பதனால், சிறியவன் நேர்மையாகப் பெற்ற அடைக்கலம் பறிபோகலாகாது. எவர் பெரியவர் என்பதன்று, எவர் வஞ்சித்தவர் என்பதே தன்மம் கேட்கும் கேள்வி.

சங்கத்தார் செய்யத்தக்கது

நாம் அறிந்த ஒரு சங்கம், தன் இணையப் பெயரைக் கணிப்பொறி அறிந்த ஓர் இளைஞரின் தனிப்பெயரில் பதிந்தது. அவர் நல்லவரே. வேலை நிமித்தம் வெளிநாடு சென்றார், கட்டண நினைவூட்டல் அவருடைய பழைய அஞ்சலுக்கு வந்து கிடந்தது, பெயர் காலாவதியாயிற்று. எவரோ அதனைப் பதிந்து சூதாட்ட விளம்பரம் வைத்தனர். அச்சங்கத்தின் பிரசுரங்களில் எல்லாம் அப்பெயரே அச்சாகியிருந்தது. விசாக விழா நாளை அறிய நாடிய முதியோரும், கல்வி உதவி தேடிய பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த இடம் சூதாட்டக்களம். இழந்தவர் எவர்? பதிந்தவரல்லர், நம்பினவர். பெயர் எவர் நம்பிக்கையால் ஆயது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அறநிலையங்களுக்கே உரியதென மதிக்கப்படும் ‘.ஆர்க்’ என்னும் முடிவுக்கே இத்தகைய இடர் வந்ததுண்டு. அம்முடிவை நிர்வகிக்கும் அமைப்பை 113 கோடி டாலருக்கு மேற்பட்ட விலையில் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாக 2019 நவம்பரில் அறிவித்தனர். உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் எதிர்த்தன. 2020 ஏப்ரல் 30-ஆம் நாள் ஐகான் அம்மாற்றத்துக்கு இசைவு மறுத்தது. அடைக்கலம் காப்பவர் அதனைச் சரக்காக எண்ணத் தொடங்கினால், அடைக்கலம் வைத்தவர் வாய்திறக்கவேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

ஆகவே சங்கத்தார் இவற்றைக் கடைப்பிடித்தல் நலம். பெயரைத் தனியொருவர் பெயரில் வையாமல், பதிவுபெற்ற சங்கத்தின் பெயரிலேயே பதிக. கட்டணத்தைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துச் செலுத்துக. கடவுச்சொல் இருவர் பொறுப்பில் இருக்கட்டும். கெடுநாளை ஆண்டுக்கூட்டக் குறிப்பில் எழுதுக. சங்கத்தை விட்டு விலகுவோர், சாவியையும் கணக்கையும் ஒப்படைப்பதுபோலப் பெயரையும் ஒப்படைத்துச் செல்க. சிறு காரியங்கள்தாம், ஆனால் சீலம் சிறு காரியங்களிலேதான் காக்கப்படுகின்றது.

இதற்கு நம் முன்னோரிடத்தில் சான்று உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கிய இதழ், பின்னர் ‘தமிழன்’ என வழங்கிற்று. 1914-இல் அவர் மறைந்தார். பிற்காலத்தில் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதே பெயரால் இதழ் நடத்தினார். பெயரைக் குறித்த பேச்சு விலைப்பேச்சாக இருந்திருப்பின், அவ்விளக்கு இரண்டாம் முறை எரிந்திராது.

மணிமேகலைக் காப்பியத்து அமுதசுரபியை நினைப்போம். மதுரையில் சிந்தாதேவி அதனை ஆபுத்திரன் கையில் தந்தாள். அவன் அதனால் பசித்தோர்க்கு உணவளித்தான். ஏற்போர் இல்லாத தீவில் தனித்து விடப்பட்டபோது, தன் ஒருவன் வயிற்றுக்கு அதனைப் பயன்கொள்ள மனமின்றி, அருளறம் பூண்டோர் கையில் சேர்க என்று கோமுகிப் பொய்கையில் விட்டான். பின்னர் அது மணிமேகலையின் கையை அடைந்தது. அப்பாத்திரம் ஆபுத்திரனுடையதா, மணிமேகலையுடையதா? கையில் இருந்தகாலத்து இருவருடையதும். உடைமையாக ஒருவருடையதும் அன்று. பசித்தவர் உண்டவரை அது அமுதசுரபி.

நாம் பதிந்துள்ள பெயரும் அத்தகையதே. அதனை நாடி வருவோர்க்கு நேர்மையான வாயிலாக இருக்கும்வரை நம் கையில் இருக்கட்டும். நம்மால் இயலாதபோது, இயன்றவர் கையில் கேடின்றிச் சேரட்டும். இடையில் ஒருவரும் அதனைத் திருடாதிருக்கக் காத்தலும், நாமே அதனை நம்முடையதென்று எண்ணாதிருத்தலும் நம் இரு கடமைகள். இவற்றுள் பின்னது அரிது, அதனைப் பயில்க.